கவர்ச்சி என்னும் சொல் எங்கிருந்து வந்தது?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய தரம் 11 மாணவி ஒருத்தி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் திருவிழாவை விவரிக்கும் கட்டுரையில் "வற்றாப்பளைப் பொங்கலின் கவர்ச்சி" என்று எழுதியிருக்கிறாள். விடைத்தாளைத் திருத்திய வேறொருவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, "அம்மன் கோயிலுக்கு இச்சொல் ஆகாது" என்று ஓரத்தில் குறித்துவிட்டார். கவர்ச்சி கெட்ட சொல்லா, அதன் வேர் என்ன, "கவர்த்த வழி" (பிரிந்து செல்லும் பாதை) என்பதிலுள்ள கவரும் இதுவும் ஒன்றா, ஒருவரை ஆசைகாட்டிப் பிழையான வழிக்கு இழுப்பதைக் கவர்ச்சி என்று சொல்லலாமா, அல்லது அதற்குத் தமிழில் வேறு சொல் உண்டா என்பன அவருடைய வினாக்கள்.

அந்தப் பிள்ளை எழுதியதில் பிழையில்லை. வெட்டியவரின் மனத்தில் நின்றது சினிமாச் சுவரொட்டியில் வரும் கவர்ச்சி. அது இச்சொல்லின் நீண்ட வாழ்வில் மிகப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்ட பொருள். ஆனாலும் அவருடைய தயக்கத்தை முழுவதும் தள்ளிவிடவும் நான் விரும்பவில்லை. இச்சொல்லின் அடியில் இருப்பது அழகு அன்று, பறித்தல். அதனை அறிந்துகொண்டு எழுதினால் சொல் இன்னும் வலுவாக நிற்கும்.

கவர் என்னும் வினையடியோடு "சி" என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து கவர்ச்சி ஆகிறது. வளர் என்பது வளர்ச்சி ஆவதும், உணர் என்பது உணர்ச்சி ஆவதும், தளர் என்பது தளர்ச்சி ஆவதும் இவ்வாறே. ஆகவே சொல்லின் அமைப்புப்படி கவர்ச்சி என்றால் கவருகின்ற செயல், அவ்வளவுதான். கவர்தல் என்பதோ பற்றிக்கொள்ளுதல், பிறருடையதைத் தனதாக்கிக்கொள்ளுதல். புறத்திணைகளை மனனம் செய்யும் உயர்தர மாணவர் அனைவரும் அறிந்த பழைய வெண்பா "வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்" என்று தொடங்குகிறது. பகையரசனின் ஆநிரையை ஓட்டிக்கொண்டு வருவதே அங்கே கவர்தல். பட்டி மாடுகள் வைத்திருப்போர் நிறைந்த வன்னியில் இச்செயலை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே மாடு காணாமற் போனால் "களவெடுத்திட்டாங்கள்" என்றோ "சாய்ச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றோதான் சொல்வார்கள். "கவர்ந்து சென்றார்கள்" என்று எந்த மாட்டுக்காரரும் பொலிசில் முறையிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பேச்சு வழக்கில் அந்தப் பழைய பொருள் ஒழிந்துபோய், எழுத்து வழக்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்தப் பழைய பொருள் எவ்வளவு கடுமையானது என்பதை அகநானூற்றின் மூன்றாம் பாட்டில் பார்க்கலாம். எயினந்தை மகனார் இளங்கீரனார் பாடியது. ஓமை மரத்தின் பெருங்கிளையில் குஞ்சு பொரித்துக் காவலிருக்கும் பேடைக்கு இரை கொண்டுவருவதற்காகச் சிவந்த செவியையுடைய எருவை, அதாவது கழுகு, பறந்து புறப்படுகிறது. மலைச்சரிவில் புலியொன்று ஒரு மரையாவை வலப்பக்கம் விழும்படி கொன்று, குருதியைக் குடித்து, தின்றது போக மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முடை நாற்றம் வீசும் அந்த ஊனைக் கழுகு "கொள்ளை மாந்தரின் ஆனாது கவரும்" என்கிறார் புலவர். கொள்ளையடிக்கும் மனிதரைப் போல, ஓயாமல், திரும்பத் திரும்ப வந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்பது பொருள். மரை என்ற பெயர் வன்னிக் காட்டு ஊர்களில் இன்றைக்கும் அன்றாடப் பெயர் என்பதால் இந்தப் பாட்டு எங்கள் மாணவர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இருப்பதில்லை. கவரும் என்ற சொல்லுக்கு அருகில் இங்கே அழகு எதுவும் இல்லை. பசி இருக்கிறது, அலகு இருக்கிறது, நாற்றம் இருக்கிறது.

இந்தப் பறித்தல் எப்படி விருப்பமாக மாறியது? மாறியது என்று சொல்வதைவிட, மிகப் பழைய காலத்திலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று சொல்வதே சரி. தொல்காப்பியர் உரியியலில் "கவர்வு விருப்பாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உரியியல் என்பது அவர் காலத்துக்கே பொருள் எளிதில் விளங்காத சொற்களுக்கு விளங்கிய சொற்களால் பொருள் சொல்லும் பகுதி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அப்படியானால் கவர்வு என்பதற்கு விருப்பம் என்ற பொருள் அக்காலத்திலேயே விளக்கம் வேண்டி நின்றிருக்கிறது. (அதே இயலில் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்றும் வருகிறது. நம்புதல் என்றால் முற்காலத்தில் விரும்புதல். நம்பிக்கை என்ற பொருள் அதிலிருந்து விலகி வந்தது. ஆசைப்பட்டதை நம்பிவிடுகிற மனித சுபாவம் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.)

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். என் பார்வையில் இச்சொல்லின் வரலாற்றில் இதுவே முக்கியமானது. தொல்காப்பியர் சொல்லும் கவர்வில் விரும்புகிறவனே கவர்கிறவன். ஆசை உடையவன் கை நீட்டுகிறான். பொருள் சும்மா கிடக்கிறது. கழுகும் ஊனும் அப்படித்தான். "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்னும் நூறாவது குறளிலும், இன்சொல் இருக்க வன்சொல்லைப் பேசுகிறவன் கனியை விட்டுக் காயைத் தானே தேர்ந்து கவர்கிறான். காய் அவனைக் கவரவில்லை. இன்றைய வழக்கிலோ இது தலைகீழாகிவிட்டது. "நகைக்கடையின் கவர்ச்சி", "வெளிநாட்டின் கவர்ச்சி" என்னும்போது கவர்வது கடை, கவர்வது வெளிநாடு, கவரப்படுகிறவன் மனிதன். கொள்ளைக்காரனாக இருந்தவன் கொள்ளை போகிறவனாக ஆகிவிட்டான்.

இந்தத் திருப்பத்துக்குத் தமிழில் எல்லாரும் அறிந்த சான்று ஏழாம் நூற்றாண்டிலே கிடைக்கிறது. திருஞானசம்பந்தரின் முதற் பதிகம், "தோடுடைய செவியன்" என்று தொடங்குவது. பாலாவியின் கரையில் மாதோட்டத்துக் கேதீச்சரத்தைப் பாடிய அதே சம்பந்தர்தான். ஆகையால் எங்கள் பக்கத்துக் கோயில்களில் அவருடைய தேவாரம் கேளாத நாள் இல்லை. அந்தப் பாட்டிலே சுடலைப் பொடி பூசிய இறைவனை அவர் "என் உள்ளங்கவர் கள்வன்" என்கிறார். நெஞ்சைக் கவர்தல் என்ற எண்ணம் அகப்பாடல்களிலேயே உண்டு. சம்பந்தர் அதைத் தொடக்கிவைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் செய்தது துணிவான செயல். கவர்தலின் கொள்ளைப் பொருளை மறைக்காமல், கள்வன் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்து, அந்தக் கொள்ளையைக் கடவுளின் மேல் ஏற்றிவிட்டார். பொருளை இழந்தவன் அழாமல், இழந்ததையே பாட்டாகப் பாடுகிறான். ஆகவே கோயிலுக்கு இச்சொல் ஆகாது என்று வெட்டியவருக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சுருக்கமான மறுமொழி, தேவாரத்தின் முதற்பாட்டைப் படித்துப் பாருங்கள் என்பதே.

பிற்காலப் பயன்பாடுகளை விரிக்கத் தேவையில்லை. விஞ்ஞானப் பாடநூலில் வடமுனைவும் தென்முனைவும் ஒன்றையொன்று கவரும், ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளும் என்று படித்த பிள்ளைகளுக்குக் கவர்ச்சி விசை என்பது வெட்கப்பட வேண்டிய சொல் அன்று. இருபதாம் நூற்றாண்டில் சினிமாவும் வார இதழ்களும் அதனைப் பெண்ணின் உடலோடு மட்டும் சேர்த்துக் கட்டிவைத்தன. "கவர்ச்சி நடனம்", "கவர்ச்சிப் படம்" என்று வந்தபின் சொல்லின் மீதி வாழ்வை மக்கள் மறந்துவிட்டார்கள். விளம்பரக்காரர்கள் தம் பங்குக்குக் "கவர்ச்சிகரமான விலை" என்று எழுதிவிட்டார்கள். தமிழ் வினையடியோடு வடமொழிக் "கரம்" சேர்ந்த அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. கவர்ச்சியான என்று எழுதினால் ஓரெழுத்தும் குறைந்துவிடாது.

இனிக் கவர்த்த வழிக்கு வருவோம். கவர் என்பதற்குக் கிளைத்தல், இரண்டாகப் பிரிதல் என்ற பொருளும் உண்டு. கவை, கவட்டை முதலியன அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆசை வந்தால் மனம் இரண்டாகக் கிளைக்கிறது, ஆகவே கவர்ச்சி என்பது மனம் கவர்படுதல் என்று மேடைகளில் விளக்குவோர் உள்ளனர். கேட்க இனிமையான விளக்கம். ஆனால் சொல்லின் இலக்கணம் அதற்கு இடம் தருவதில்லை. பிரிதலைக் குறிக்கும் கவர், "நெறி கவர்க்கும்", "கவர்த்த நெறி" என்று வல்லெழுத்துப் பெற்று வரும். பறித்தலைக் குறிக்கும் கவர், "கவரும்", "கவர்ந்த" என்று மெல்ல வரும். தமிழில் வளர்ந்தான் வளர்த்தான், சேர்ந்தான் சேர்த்தான் என்று இணைகள் வரும்போது, மெல்ல வருவது தன்வினை, வல்லெழுத்தோடு வருவது பிறவினை. இவ்விரண்டு கவரும் ஒரே சொல்லின் இணைகளாக இருந்தால், கவர்ந்தது என்பது தானே நிகழ்வதாகவும் கவர்த்தது என்பது இன்னொன்றின்மேற் செய்வதாகவும் இருக்க வேண்டும். உண்மையில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. பொருளொன்றைக் கவர்ந்தான் என்கிறோம். வழி தானே கவர்த்தது என்கிறோம். ஆகவே இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்வதே தகும்.

வழி பிரிவதிலிருந்து மனநிலையைக் குறிக்கும் சொல்லொன்று தமிழில் பிறந்திருந்தால், அது கவலையாகத்தான் இருக்கும். சங்க நூல்களில் பல வழிகள் பிரியும் இடத்துக்குக் கவலை என்று பெயர். எந்த வழியாற் போவது என்று தெரியாமல் அந்த இடத்தில் நிற்கிறவனின் நிலையைப் பார்த்தால், இன்றைய கவலைக்கும் அதற்கும் உறவு சொல்வது எளிது. கவர்ச்சியை அந்தக் குடும்பத்திற் சேர்ப்பது, பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்று எங்கள் ஊரில் சொல்வதைப் போன்றது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் அது என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நம்பிக்கைக்கு அது நல்ல கதை. சொல்லாராய்ச்சிக்கு வேறு சான்று வேண்டும்.

உங்கள் கடைசி வினாவே எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரை ஆசைகாட்டிப் பிழையான வழிக்கு இழுப்பதற்குத் தமிழ்ச் சொல் எது? கவர்ச்சி என்று எழுதினால் பொருள் விளங்கும், ஆனால் போதாது. கவர்ச்சியிலே இழுப்பு இருக்கிறது, ஏமாற்று இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கவர்ச்சி இருக்கலாம். அது எவரையும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றோடு கூடிய இழுப்புக்குப் பெயர் தேடினால், வன்னியில் கூத்தாகவும் கோயிற் பாட்டாகவும் வழங்கும் கோவலன் கதையிடமே போக வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடற் பக்கம் போகிறவர்கள் கடல்நீரில் எரியும் விளக்கைப் பார்க்கிறார்கள், முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையைப் பொறுமையாகப் படித்தவர் குறைவு. அந்தக் காதையில் மேலே சொன்ன இரண்டு சொற்களும் ஒரே காட்டுக்குள் வருகின்றன.

கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தி அடிகளும் உறையூரைக் கடந்து மதுரைக்குப் போகும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். வழி கேட்டவர்களுக்கு அவன், கொடும்பை நெடுங்குளக் கரையை அடைந்தால், பிறைசூடிய பெருமான் ஏந்திய சூலத்தைப் போல "அருநெறி கவர்க்கும்" என்கிறான். பாதை மூன்றாகப் பிரியும் என்பது பொருள். இங்கே வருவது பிரிதலைக் குறிக்கும் கவர். பிறகு நடுவழியைப் பற்றி எச்சரிக்கிறான். அந்த வழியிலே "ஆரஞர்த் தெய்வம்" ஒன்று உண்டு. அது "நடுக்கஞ் சாலா நயத்தின் தோன்றி, இடுக்கண் செய்யாது, இயங்குநர்த் தடுக்கும்" என்கிறான். அச்சமூட்டாமல் இனிமையாகத் தோன்றும், துன்பம் எதுவும் செய்யாது, ஆனால் போகிறவரைப் போகவிடாமல் தடுத்துவிடும். ஆசைகாட்டி இழுப்பது என்ன என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன வரியை நான் தமிழில் வேறெங்கும் காணவில்லை. பேய் என்றால் அஞ்சி ஓடிவிடலாம். நயத்தோடு வருவதை விட்டு எப்படி ஓடுவது?

வெயில் ஏறிய வேளையில், தண்ணீர் வேட்கையோடு கோவலன் ஒரு பொய்கைத் துறையில் தனியே நிற்கிறான். காட்டில் உறையும் அந்தத் தெய்வத்துக்கு அவன்மேல் காதல். அது தன் அழகைக் காட்டிக்கொண்டு வரவில்லை. இளங்கோவடிகளின் திறமை இங்கேதான் இருக்கிறது. மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் அது வருகிறது. கொடி நடுங்கியது போல அவன் காலடியில் விழுந்து அழுகிறது. மாதவி என்னைக் கடிந்துகொண்டாள், அவள் பெருந்துயரில் கிடக்கிறாள் என்று, அவனுக்கு நெஞ்சு நோகும் செய்திகளாகப் பார்த்துச் சொல்கிறது. கோவலனை வீழ்த்தக்கூடியது இன்னொரு பெண்ணின் அழகு அன்று, அவன் விட்டுவந்தவளைப் பற்றிய செய்தி என்பதை அந்தத் தெய்வம் அறிந்திருக்கிறது. கோவலனுக்கோ மறையோன் சொன்னது நினைவுக்கு வருகிறது: "மயக்கும் தெய்வம் இவ்வன்காட்டு உண்டு" என்றானே. அவன் பாய்கலைப் பாவையின், அதாவது கொற்றவையின், மந்திரத்தைச் சொல்ல, வந்தவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள்: "வனசாரிணி யான், மயக்கம் செய்தேன்." கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறாள். மயிற்சாயலையுடைய உன் மனைவிக்கும் புண்ணிய முதல்வியான கவுந்திக்கும் என் செய்தியைச் சொல்லாமற் போய்விடு என்கிறாள். தெய்வத்துக்கும் மானம் உண்டு. அவன் தாமரை இலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணகியின் களைப்பைத் தீர்க்கிறான்.

ஒரே காதையில் பாதை கவர்க்கிறது, தெய்வம் மயக்குகிறது. இளங்கோவடிகள் இழுப்புக்கும் ஏமாற்றுக்கும் சேர்த்துத் தேர்ந்துகொண்ட சொல் மயக்கம். இது தற்செயல் அன்று. இதற்கு முன், அரங்கேற்று காதையில், ஆயிரத்தெண் கழஞ்சு விலை சொல்லப்பட்ட மாதவியின் மாலையை வாங்கிக்கொண்டு அவள் மனைக்குப் போன கோவலனை, "அயர்ந்தனன் மயங்கி, விடுதல் அறியா விருப்பினன் ஆயினன்" என்கிறார். விடுதல் அறியா விருப்பு என்பது கவர்ச்சியின் உச்சம். அதற்கு முன்னே மயங்கி என்ற சொல் காரணமாக நிற்கிறது.

மயங்குதல் என்பதன் அடிப்படைப் பொருள் மயக்கமடைந்து விழுதல் அன்று, கலத்தல். இலக்கணத்தில் வேற்றுமை மயக்கம், திணை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று நாம் கற்பிக்கிறோமே, அங்கெல்லாம் ஒன்றோடொன்று கலந்து வருவதே பொருள். தொல்காப்பிய மரபியல் நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஆகிய ஐந்தும் "கலந்த மயக்கம் உலகம்" என்கிறது. கலந்துவிட்டால் எது எது என்று பிரித்தறிய முடியாது; பிரித்தறிய முடியாத மனநிலையே மயக்கம் ஆயிற்று. பொய்கைக்கரையில் நடந்ததும் இதுதான். வயந்தமாலையின் வடிவமும் வனசாரிணியின் ஆசையும் கலந்துபோய், கோவலனின் பழைய அன்போடும் கலந்துபோய் நிற்கின்றன; மந்திரம் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே ஆசைகாட்டி வழிதவறச் செய்வதற்கு ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல் வேண்டுமானால், நான் மயக்கம் என்றும், செய்கிறவரின் செயலைக் குறிக்க வேண்டுமானால் மயக்குதல் என்றும் எழுதுவேன்.

மற்றச் சொற்களுக்கும் அவரவர் இடம் உண்டு. சபலம் வடமொழிச் சொல். நிலையாமல் அசைவது என்பது அதன் பொருள். அதனால்தான் மின்னலுக்கும், ஓரிடத்தில் நில்லாத திருமகளுக்கும் சபலை என்று பெயர் உண்டு. சபலத்தில் குற்றம் முழுவதும் ஆசைப்படுகிறவனுடையது. இழுக்கிற பொருள் எதுவும் செய்வதில்லை. அதனாலேயே அது கவர்ச்சிக்கு நேர் எதிரான சொல். வசியமும் வசீகரமும் ஒருவரைத் தன் வசத்திற் கொண்டுவருதல். மருந்து போட்டுவிட்டார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயாத ஊர்களில் வசியம் பயமூட்டும் சொல், வசீகரமோ பாராட்டுச் சொல். ஈர்ப்பு என்பது பாடநூல் வழியாகப் பரவிய நாகரிகமான சொல். அதிலே பறித்தலின் கொடுமையும் இல்லை, சூடும் இல்லை. புவியீர்ப்பைப் போல எல்லாரையும் சமமாக இழுக்கிறது.

சோதனை என்பதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் அச்சொல்லின் நிலை விசித்திரமானது. மடு மாதாவின் திருவிழாவுக்குப் போகும் கத்தோலிக்க மக்கள் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று செபிக்கும்போது, பாவத்துக்கு இழுக்கும் ஆசையையே குறிக்கிறார்கள். வடமொழியில் இச்சொல் தூய்மை செய்தலைக் குறிக்கும். பொன்னை உருக்கி மாசு நீக்குவதுபோல மனிதனை ஆசையால் உருக்கிப் பார்ப்பது என்ற கருத்து அதில் இருக்கிறது. சிவனடியார் கதைகளிலும் இறைவன் இப்படித்தான் சோதிக்கிறார். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சோதினை என்றால் பரீட்சை. அவர்களுடைய பெற்றோருக்குச் சோதனை என்றால் போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, கட்டிய பொதியை அவிழ்த்துக் காட்டியது. இவ்வளவு சுமையோடு நிற்கும் சொல்லைக் கட்டுரையில் ஆசையின் இழுப்புக்கு எழுதினால், வாசிப்பவர் வேறெங்கோ போய்விடுவார். செபத்தில் அது நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

பேச்சு வழக்கில் இந்த வேலையை எங்கள் பக்கத்தில் செய்வது எடுபடுதல் என்ற வினை. "உந்தக் கதைக்கு எடுபடாதை" என்று தாய் மகனிடம் சொல்லும்போது, ஒருவன் பேச்சால் நீ தூக்கிச் செல்லப்படாதே என்கிறாள். இலக்கியத்தில் கவரப்படுதல் என்று வருவதும் இதுவும் ஒரே அமைப்பு. எடுத்தல், கவர்தல் இரண்டுமே கையாற் செய்யும் வேலைகள். மனத்துக்கு வந்தபோது இரண்டுமே செயப்பாட்டு வினையாகிவிட்டன. இத்தகைய வழக்குச் சொற்களைப் பிள்ளைகள் எழுதும்போது கொச்சை என்று வெட்டிவிடாமல், உரையாடல் வரும் இடத்தில் எழுத விட்டால் நல்லது.

எவரும் எதிர்பாராத இன்னொரு சொல்லும் உண்டு: பார்வை. வேடர்கள் காட்டு மானைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் மானுக்குப் பழந்தமிழில் பார்வை என்று பெயர். தன்னைப் போன்ற ஒன்று அச்சமின்றி மேய்வதைக் கண்டு காட்டு மான் கிட்ட வரும், வந்து அகப்படும். பெரும்பாணாற்றுப்படை எயினர் குடிலை விவரிக்கும் இடத்தில் "பார்வை யாத்த பறைதாள் விளவின்" என்கிறது. அந்த மானைக் கட்டிக் கட்டி அடி தேய்ந்துபோன விளாமரம் முற்றத்தில் நிற்கிறது. விளாமரம் நிற்காத வளவு வன்னியில் குறைவு என்பதால் இந்த வரி எனக்குக் கண்முன் தெரிகிறது. வனசாரிணி வயந்தமாலையாக வந்ததும் இதே உத்திதான். தெரிந்த முகத்தைக் காட்டிக் கிட்ட வரச்செய்வது. இன்றைக்குப் பார்வை பார்த்தல் என்றால் நாவூறு கழிப்பதும் மந்திரிப்பதுமாக ஆகிவிட்டது. ஆனாலும் ஏமாற்றி இழுப்பதற்கென்றே வைக்கப்படும் உயிருள்ள இரைக்குத் தனிச்சொல் ஒன்று தமிழில் இருந்தது என்பதை உயர்தர மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தப் பிள்ளையின் விடைத்தாளைப் பொறுத்தவரை, வெட்டிய சொல்லைத் திரும்ப எழுதி, புள்ளியையும் திருப்பிக் கொடுங்கள். கட்டுரையில் ஒரேயொரு திருத்தம் மட்டும் சொல்லலாம். "பொங்கலின் கவர்ச்சி" என்று பெயராக நிறுத்திவிடாமல், எது எவரைக் கவர்ந்தது என்று வினையாக விரித்து எழுதச் சொல்லுங்கள். உப்புநீரில் எரியும் விளக்கு அவளைக் கவர்ந்ததா, பாக்குத்தெண்டல் சடங்கா, பறையொலியா, இரவிரவாக வந்து சேரும் சனமா என்பது அப்போது தெரியவரும். வெட்டியவர் மறுபடியும் கேட்டால், சம்பந்தரின் முதற்பாட்டின் முதலாம் அடியையும் இரண்டாம் அடியையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்; வனசாரிணியின் கதையை ஆறுதலாக வேறொரு நாளில் சொல்லலாம்.